கடைசி ஆளுக்கான ஊசி

(ஜொகூர் பாருவில் பொதுமக்களுக்காக நிகழ்த்தப்பட்ட மருத்துவச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2025 அக்டோபரில் மலேசியா முழுவதும் ஏறத்தாழ 6,000 மாணவர்களுக்குச் சளிக்காய்ச்சல் கண்டிருப்பதாகக் கல்வி அமைச்சு சொன்னது. சில பள்ளிகளை மூடினார்கள். கிளினிக்குகளில் தொலைபேசி ஓயவில்லை. "டாக்டர், ஃப்ளூ ஊசி இருக்கா?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். 2020 ஜனவரியிலும் இப்படித்தான் நடந்தது. அப்போது பல தனியார் கிளினிக்குகளில் மருந்து தீர்ந்தே போய்விட்டது.

இரண்டு முறையும் ஊசியைத் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் இளம் பெற்றோர். காரில் வந்தார்கள், பிள்ளைகளுக்குப் போட்டுக்கொண்டார்கள், தங்களுக்கும் போட்டுக்கொண்டார்கள். வந்தது நல்லது, வர வேண்டியவர்கள்தான். ஆனால் இந்த ஊசி யாருக்கு மிக அவசியமோ அவர்கள் அந்தக் கூட்டத்தில் அநேகமாக இல்லை. சிம்பாங் ரெங்கத்தில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருக்கும், இனிப்புநீருக்கு மாத்திரை சாப்பிடும் எழுபது வயதுப் பாட்டி வரவில்லை. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு பிளாட்டில் படுத்திருக்கும் ஆஸ்துமாக்காரர் வரவில்லை.

இந்த இடைவெளியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். ஊசி போடும் மருத்துவருக்குப் பணம் எந்த வழியாக வருகிறது, அந்த வழி இந்த இடைவெளியைக் குறைக்கிறதா கூட்டுகிறதா என்பதே என் பொருள். மருத்துவருக்குக் கிடைக்கும் பணத்தைப் பற்றி மேடையில் பேசுவது நம்மிடையே வழக்கமில்லை. நான் தனியார் கிளினிக் நடத்துகிறவன். அதனாலேயே இதைப் பேசும் கடமை எனக்குக் கூடுதலாக இருக்கிறது.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். சளிக்காய்ச்சல் என்றதும் மூக்கொழுகலையும் இருமலையும் நினைத்துக்கொள்கிறோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஒவ்வோர் ஆண்டும் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இதனால் உண்டாகும் மூச்சுக் கோளாறுகளில் இறக்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, சளிக்காய்ச்சல் உறுதியான முதல் வாரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஆறு மடங்கு கூடுகிறது என்று காட்டியது. நீரிழிவு, இதய நோய், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது சாதாரணக் காய்ச்சலே இல்லை.

இந்த இடத்தில் நம் சமூகத்தைப் பற்றி ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, சளிக்காய்ச்சல் கடுமையாகத் தாக்கக்கூடியவர்கள் நம் வீடுகளில் மற்றவர் வீடுகளைவிட அதிகம். 1918இல் பெருந்தொற்றாக வந்த இதே நோய் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலும் புகுந்து, லயங்களில் நெருக்கியடித்து வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போனது. அப்போது ஊசி இல்லை. இப்போது இருக்கிறது.

ஊசியின் இயல்பையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுக்கு இரண்டு முறை, வடகோளத்துக்கு ஒன்றும் தென்கோளத்துக்கு ஒன்றுமாக, மருந்தின் சேர்க்கையைப் புதிதாகத் தீர்மானிக்கிறார்கள். அதனால் ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் குளிர்காலம் இல்லாததால் நோய் ஆண்டு முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. குளிர்நாடுகளில் இருப்பதுபோல "இந்த மாதம் ஊசி மாதம்" என்ற பழக்கமும் இங்கே உருவாகவில்லை.

இனிப் பணத்துக்கு வருகிறேன். தனியார் கிளினிக்கில் இந்த ஊசி ஏறத்தாழ அறுபது வெள்ளியிலிருந்து நூறு வெள்ளிக்கு மேலும் போகும். எண்பது வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய் தந்தை என ஆறு பேருக்கு 480 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் கால் பங்குக்கு மேல், அதுவும் ஆண்டுதோறும், இன்னும் வராத ஒரு காய்ச்சலுக்காக எடுத்து வை என்றால் எந்தத் தாய் எடுத்து வைப்பாள்? அரிசியும் பள்ளி பஸ் கட்டணமும்தான் அவளுக்கு முதலில் தெரியும். அவளை அறியாமையில் இருப்பவள் என்று யாரும் சொல்ல வேண்டாம். அவள் கணக்கு சரியான கணக்கு.

கிளினிக் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. அது வெளியே தெரிவதில்லை. பொது மருத்துவர் வாங்கக்கூடிய ஆலோசனைக் கட்டணத்தைச் சட்டம் நெடுங்காலம் 10 முதல் 35 வெள்ளிக்குள் கட்டி வைத்திருந்தது. வாடகையும் ஆள் சம்பளமும் ஏறிக்கொண்டே போக, மருந்திலும் ஊசியிலும் கிடைக்கும் லாபத்தில்தான் பல கிளினிக்குகள் ஓடுகின்றன. சளிக்காய்ச்சல் மருந்தை மருத்துவர் முன்பணம் போட்டு வாங்க வேண்டும், 2 முதல் 8 பாகைக் குளிரில் வைக்க வேண்டும், காலாவதி ஆவதற்குள் விற்க வேண்டும். விற்காதது நட்டம். வசதியான தாமானில் கிளினிக் வைத்திருப்பவர் துணிந்து நூறு ஊசி வாங்குகிறார். லாபிஸிலோ பெக்கோக்கிலோ இருப்பவர் பத்து வாங்கவும் யோசிக்கிறார், சில சமயம் வாங்குவதே இல்லை. இப்படித்தான் ஏழைகள் இருக்கும் இடத்தில் ஊசியே இல்லாமல் போகிறது. அங்கே ஒருவர் விழிப்புணர்வு பெற்று வந்து கேட்டாலும் "ஸ்டாக் இல்லை" என்ற பதில்தான். இதில் எந்த மருத்துவரையும் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பணம் அந்தத் திசையில் ஓடுகிறது, ஊசியும் அதன் பின்னால் போகிறது.

அரசாங்கக் கிளினிக்கில் வேறு நிலை. ஒரு வெள்ளி கொடுத்தால் மருத்துவரைப் பார்க்கலாம். அங்கே மருத்துவர் மாதச் சம்பளக்காரர். பத்து ஊசி போட்டாலும் ஆயிரம் போட்டாலும் சம்பளம் ஒன்றே. ஆனால் இந்த ஊசி அங்கே வெகுகாலம் பொதுமக்களுக்குக் கிடைக்கவே இல்லை. அண்மையில்தான் 60 வயதைக் கடந்த, நாட்பட்ட நோயுள்ள முதியோருக்கு இலவசமாகப் போடத் தொடங்கினார்கள். பெரிய முன்னேற்றம் இது, மனதார வரவேற்கிறேன். அடுத்த கேள்வி இதுதான்: ஊசியை இலவசமாக்கினால் போதுமா, அல்லது போடுகிறவருக்கும் ஏதாவது ஊக்கத்தொகை தர வேண்டுமா?

இந்தச் சோதனையை மிகப் பெரிய அளவில் செய்து பார்த்த நாடு இங்கிலாந்து. 2004 ஏப்ரலில் அங்கே குடும்ப மருத்துவர்களுக்குப் புதிய ஒப்பந்தம் வந்தது. 146 அளவுகோல்கள், மொத்தம் 1,050 புள்ளிகள், புள்ளிக்கு இவ்வளவு பணம் என்று கணக்கு. இதய நோய், பக்கவாதம், நீரிழிவு, நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்குச் சளிக்காய்ச்சல் ஊசி போட்டிருக்கிறீர்களா என்பதும் அந்த அளவுகோல்களில் இருந்தது. மருத்துவர் வருமானத்தில் கணிசமான பங்கு இந்தப் புள்ளிகளைச் சார்ந்து நின்றது.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. 2008இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, செல்வர் பகுதி மருத்துவ நிலையங்களுக்கும் வறியவர் பகுதி நிலையங்களுக்கும் இடையே பொதுவான பராமரிப்பில் இருந்த வேறுபாடு மூன்றே ஆண்டுகளில் 4 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காட்டுக்கு இறங்கியதாகக் காட்டியது. பணம் கொடுத்தால் மருத்துவர் பணக்காரர்களை மட்டுமே கவனிப்பார் என்று பயந்தவர்களுக்கு இது நல்ல பதில். முறையாக ஒரு பட்டியல் வைத்து, ஆளுக்கு ஆள் கடிதம் போட்டு, வராதவரை மறுபடி அழைக்கும் வழக்கம் ஏழைப் பகுதி நிலையங்களிலும் வந்துவிட்டது. ஆஸ்துமா நோயாளிகளுக்கான சளிக்காய்ச்சல் ஊசியை 2006இல் அந்த அளவுகோல்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் போடும் விகிதம் பெரிதாகச் சரியவில்லை. பணம் ஆரம்பித்து வைத்த வேலையைப் பழக்கம் தொடர்ந்து செய்தது.

ஆனால் அந்தத் திட்டத்துக்குள் இரண்டு ஓட்டைகள் இருந்தன. நாம் இங்கே திட்டம் போடுவதற்கு முன் அந்த இரண்டையும் நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று, உச்சவரம்பு. நோயாளிகளில் குறிப்பிட்ட விழுக்காட்டினருக்கு ஊசி போட்டாகிவிட்டால் முழுப் புள்ளியும் வந்துவிட்டது. அதற்கு மேல் போட்ட எந்த ஊசிக்கும் புள்ளி கிடைக்கவில்லை. எஞ்சி நிற்கும் பத்து, பதினைந்து விழுக்காட்டினர் யார்? நடக்க முடியாதவர், தனியாக வசிப்பவர், மொழி தெரியாதவர், மருத்துவரை நம்பாதவர். தேடிப் போவதற்கு மிகக் கடினமான மனிதர்களுக்கு வந்து சேரும்போது பணம் நின்றுவிடுகிறது.

இரண்டாவது, விலக்கு. ஒரு நோயாளியை மூன்று முறை அழைத்தும் அவர் வரவில்லை என்றால் அவரைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட மருத்துவருக்கு அனுமதி இருந்தது. நியாயமான காரணத்துக்காகத்தான் அந்த விதியை வைத்தார்கள். வர மறுப்பவருக்காக மருத்துவரைத் தண்டிக்கக் கூடாது அல்லவா? ஆனாலும் விளைவைப் பாருங்கள். ஊசி போடாதவர் வகுத்தலில் கீழே இருக்கும் எண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார். விழுக்காடு அழகாக ஏறுகிறது. மனிதர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். இன்றைக்கும் இங்கிலாந்தில் சளிக்காய்ச்சல் ஊசி போட்டுக்கொள்பவர் விகிதம் வறிய பகுதிகளிலும் கறுப்பின மக்களிடமும் குறைவாகவே இருக்கிறது. இத்தனைக்கும் அங்கே முதியோருக்கும் நோயாளிகளுக்கும் ஊசி இலவசம், மருத்துவருக்கு ஊசிக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணமும் உண்டு.

அமெரிக்காவும் இதையே சொல்கிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு 1993 முதல் மெடிகேர் காப்புறுதியில் இந்த ஊசிக்குக் கட்டணம் இல்லை. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையிலான வேறுபாடு இன்னும் போகவில்லை. இலவசம் என்பது கதவைத் திறந்து வைக்கும், அவ்வளவுதான்.

நம் பாலத்துக்கு அந்தப் பக்கம் வருவோம். சிங்கப்பூர் 2023 ஜூலையில் 'ஹெல்தியர் எஸ்ஜி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. நாற்பது வயதைக் கடந்த குடிமகன் ஒரு குடும்ப மருத்துவரிடம் பெயர் பதிவு செய்துகொள்கிறார். பரிந்துரைக்கப்பட்ட தடுப்பூசிகள் அவருக்கு அங்கே இலவசம். மருத்துவருக்குப் பதிவு செய்தவர் ஒவ்வொருவருக்காகவும் ஆண்டுக் கட்டணம் வருகிறது. அதன் அளவு நோயாளியின் நோய்நிலையையும், செய்து முடித்த தடுப்புப் பணிகளையும் பொறுத்தது. சிக்கலான நோயாளிக்குக் கூடுதல் தொகை என்ற அந்த ஓர் அம்சம் எனக்கு மிகவும் பிடிக்கிறது. ஆனால் இந்தத் திட்டம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மோட்டார் சைக்கிளில் உட்லண்ட்ஸுக்குப் போய், இரவு ஸ்கூடாய்க்கும் மாசாய்க்கும் திரும்பும் நம் பிள்ளைகள் அதில் இல்லை. அவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். கிருமிக்குக் குடிநுழைவுச் சோதனை கிடையாது. அங்கே பரவுவது அன்று மாலையே இங்கே வந்துவிடுகிறது.

நம் நாட்டுக்கு என்று பார்த்தால், நம்மிடமே இரண்டு பாடங்கள் இருக்கின்றன. வெளியே தேடுவதற்கு முன் அவற்றைப் பார்த்திருக்க வேண்டும்.

2010இல் பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடத் தொடங்கினோம். தனியாரில் அது மிக விலை உயர்ந்த ஊசி. எந்த மருத்துவருக்கும் ஊக்கத்தொகை தரவில்லை. தாதியர் ஐஸ் பெட்டியோடு பள்ளிக்குப் போனார்கள், பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிய படிவத்தைச் சரிபார்த்தார்கள், வகுப்பு வகுப்பாகப் போட்டார்கள். தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் பிள்ளைகளைச் சென்றடைந்தது. தோட்டப்புறப் பிள்ளையும் டாக்டர் வீட்டுப் பிள்ளையும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

அடுத்தது கோவிட். 2021 பிப்ரவரி 24 அன்று தொடங்கிய தேசியத் தடுப்பூசித் திட்டம் அக்டோபர் 10க்குள் பெரியவர்களில் 90 விழுக்காட்டினருக்கு முழுமையாக ஊசி போட்டு முடித்தது. இதில் தனியார் கிளினிக்குகளும் சேர்ந்தன. சுகாதார அமைச்சின் கீழ் உள்ள புரோடெக்ட்ஹெல்த் நிறுவனம், போட்ட ஒவ்வோர் ஊசிக்கும் கிளினிக்குக்குக் கட்டணம் கொடுத்தது. மருந்தை அரசாங்கமே வாங்கித் தந்தது. அதனால் விற்காமல் போய்விடுமோ என்ற பயம் மருத்துவருக்கு இல்லை. கிராமத்து கிளினிக்கும் நகரத்து கிளினிக்கும் ஒரே நிலையில் நின்றன. தொழிற்சாலைகளுக்கு என்று தனித் திட்டம் போட்டு, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சேர்த்துப் போட்டார்கள். மைசெஜாத்ரா செயலியில் பதிவு செய்யத் தெரியாத முதியோருக்காக நடமாடும் குழுக்கள் போயின. அந்த மாதங்களில் தாதியரும் தொண்டர்களும் செய்த வேலைக்கு நாம் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை.

ஆக, ஊக்கத்தொகையும் தேவை, தேடிப் போகும் கால்களும் தேவை. அந்தத் தொகை யார் கைக்குப் போக வேண்டும் என்பதில்தான் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. இந்தியாவில் 2005இல் தொடங்கிய கிராமப்புறச் சுகாதாரத் திட்டத்தில் ஆஷா என்ற பெண் பணியாளர்களை நியமித்தார்கள். ஒரு குழந்தைக்கு முதல் வயதுக்குள் எல்லாத் தடுப்பூசியும் போட்டு முடிக்க வைத்தால் அந்தப் பெண்ணுக்கு 100 ரூபாய். தொகை குறைவு, அவர்கள் உழைப்புக்குப் போதவே போதாது. ஆனால் யோசனை சரி. வீட்டுக் கதவைத் தட்டி அழைத்து வருகிறவரின் உழைப்புக்கு ஒரு விலை வைத்தார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் பெண் தன்னார்வலர்கள் மூலமாகத்தான் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுபோகிறது. நம் தோட்டங்களில் முன்பு இருந்த டிரஸர் என்ற மருத்துவ உதவியாளர் செய்ததும் இதேதான். யார் வீட்டில் இருமல், யார் வேலைக்கு வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புற பிளாட்டுகளுக்கு வந்த பிறகு அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை.

ஜொகூரில் என்ன செய்யலாம்? புதிதாக எதையும் கட்டத் தேவையில்லை. 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டம் வழியாக, பி40 எனப்படும் குறைந்த வருமானத்தவர்களில் நாற்பது வயதைக் கடந்தவர்கள் தனியார் கிளினிக்கில் இலவசமாக உடல் பரிசோதனை செய்துகொள்ளலாம். கிளினிக்குக்குப் புரோடெக்ட்ஹெல்த் பணம் தருகிறது. 2023இல் தொடங்கிய மடானி மருத்துவத் திட்டத்தின் முதல் பத்து மாவட்டங்களில் ஜொகூர் பாருவும் ஒன்று. உதவித்தொகை பெறும் குடும்பம் ஆண்டுக்கு 250 வெள்ளி வரை தனியார் கிளினிக்கில் திடீர் நோய்களுக்குச் சிகிச்சை பெறலாம். காய்ச்சல் வந்த பிறகு கொடுக்கப் பணம் இருக்கிறது, பட்டியல் இருக்கிறது, கிளினிக்குகளுக்குப் பணம் செலுத்தும் வழியும் இருக்கிறது. காய்ச்சல் வருமுன் காக்க அதே வழியைத் திறந்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மருந்தை அரசாங்கமே மொத்தமாக வாங்கிக் கிளினிக்குக்குத் தரட்டும். முன்பணச் சுமை போனாலே பாலோவிலும் யோங் பெங்கிலும் ஊசி கிடைத்துவிடும். ஊசிக்கு இவ்வளவு என்று கிளினிக்குக்குக் கட்டணம் கொடுக்கட்டும். வழக்கமாக வருகிறவருக்கு ஒரு தொகை, இதுவரை ஒருமுறைகூடப் போடாத முதியவருக்கு அதைவிடக் கூடுதல், வீட்டுக்கே போய்ப் போட்டால் இன்னும் கூடுதல். உச்சவரம்பு வேண்டாம். வராதவரைக் கணக்கிலிருந்து நீக்கவும் வேண்டாம், அவர் பெயர் பட்டியலிலேயே இருக்கட்டும். தொகையில் ஒரு பங்கு, தேடிப் போகும் தாதிக்கும் அழைத்து வரும் தொண்டருக்கும் போகட்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் பி40 முதியோரில் எத்தனை பேர் போட்டார்கள் என்பதை ஆண்டுதோறும் வெளியிடட்டும். மொத்த எண்ணிக்கை மட்டும் வெளியிட்டால் இடைவெளி அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

இங்கே ஒருவர் மனதில் எழுந்திருக்கக்கூடிய ஐயத்தையும் சொல்லிவிடுகிறேன். "காசு வருகிறது என்பதால்தானே டாக்டர் ஊசி போடச் சொல்கிறார்?" கோவிட் காலத்திலேயே இந்தப் பேச்சைக் கேட்டோம். ஊக்கத்தொகையின் உண்மையான ஆபத்து இதுதான். நம்பிக்கை போய்விட்டால் எந்தத் தொகையும் அதைத் திரும்ப வாங்கித் தராது. அதனால் தொகை எவ்வளவு என்பதைக் கிளினிக் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும். மறைக்க ஒன்றும் இல்லாத இடத்தில் வதந்திக்கு இடமில்லை. வேண்டாம் என்று சொல்பவருக்கு விளக்கம் சொல்லும் நேரத்துக்கும் மருத்துவருக்குக் கட்டணம் இருக்க வேண்டும். அவர் கடைசியில் போட்டுக்கொள்ளாவிட்டாலும் அந்தப் பேச்சு வீண் அல்ல, அடுத்த ஆண்டு வருவார்.

இன்னொன்று. இன்று நம் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பலர் இந்தோனேசியர், வங்காளதேசிகள், நேப்பாளிகள். ஒரு காலத்தில் நம் தாத்தா பாட்டிமார் இருந்த அதே நிலையில், நெருக்கமான விடுதிகளில், காய்ச்சல் வந்தாலும் மருத்துவ விடுப்பு எடுக்கப் பயந்து அவர்கள் இருக்கிறார்கள். நான் சொன்ன திட்டங்களில் அவர்கள் பெயர் இல்லை. முதலாளிமார் செலவிலாவது அவர்களுக்கு ஊசி போட வேண்டும். 2021இல் போட முடிந்ததே!

அவையில் இருக்கும் மருத்துவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கிளினிக்கில் இனிப்புநீருக்கும் இதயத்துக்கும் மருந்து வாங்கும் அறுபது வயதைக் கடந்தவர்களின் பட்டியலை இந்த வாரமே எடுங்கள். இலவச ஊசிக்குத் தகுதியானவர்களை அரசாங்கக் கிளினிக்குக்கு அனுப்புங்கள். அந்த ஊசியால் உங்களுக்கு ஒரு வெள்ளியும் வராது, இருந்தாலும் அனுப்புங்கள். கோயில் நிர்வாகத்தினரே, உங்கள் மண்டபத்தை ஆண்டுக்கு ஒரு நாள் ஊசி போடத் திறந்துவிடுங்கள், முதியோரை வேனில் ஏற்றி வாருங்கள். பிள்ளைகளே, உங்கள் வீட்டில் மாத்திரை டப்பா வைத்திருக்கும் அப்பாவையும் அம்மாவையும் வரும் திங்கட்கிழமை அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய், சளிக்காய்ச்சல் ஊசி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், எப்போது வரும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.